இடமும் வலமும் ஒத்துப்போகாத அலங்கார வரைபடம்

உங்கள் வரைபடத்தின் இரு பக்கமும் வேறுவேறாக இருக்கிறதே, பாதியில் நின்றுபோனதா, இரண்டு பேர் வரைந்ததா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. உங்கள் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சுவர் அலங்கார வரைபடத்தில் இடப்பக்கம் ஆட்டுக்கால் சாட்டிர் (கிரேக்கப் புராணத்தில் பாதி மனிதன், பாதி ஆடு), வலப்பக்கம் சிறகுள்ள பெண் என்று மாறியிருப்பது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்தது. ஒரே தாளில் இரண்டு மாதிரி. பணம் கொடுப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். சுவரில் அதுவே இரு பக்கமும் வரும். அந்தக் காலத்தில் இது சாதாரண வழக்கம்.

சரிபார்க்க, விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். நடுவே மையில்லாமல் கூர்முனையால் கீறிய செங்குத்துக் கோடு தெரிகிறதா? வட்டச் சட்டத்தின் மையத்தில் காம்பஸ் ஊசித்துளை இருக்கிறதா? இருந்தால் ஒரே திட்டமாக வரையப்பட்டது என்று நம்பலாம்.

அப்புறம், நடுவில் காளைமேல் போகும் பெண் கிரேக்கப் புராண இளவரசி யூரோப்பா. காளை வேறு யாருமில்லை, அவளைக் கடத்த உருமாறி வந்த கிரேக்கக் கடவுள் ஜீயஸ்தான். ஒரு கை கொம்பில், மறு கை காளையின் முதுகில், பார்வை பின்னால் கரையை நோக்கி: அப்படியே ரோமானியக் கவிஞர் ஓவிட் வர்ணித்தபடி.

சுற்றியுள்ள கொடியும் பாதி மிருக உருவங்களும் ரோமில் பண்டைய பேரரசர் நீரோவின் தங்க மாளிகை 1480 வாக்கில் மண்ணுக்கடியில் தெரியவந்த பிறகு பரவிய பாணி. ஓவியர் ரஃபேலின் குழு 1519இல் முடித்த வத்திக்கான் லோஜியாவோடு (ஓவியத் தாழ்வாரம்) ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: பிற்காலத்தில் இரண்டு தாள்களை ஒட்டி விற்றதும் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது தாளுக்குள்ளேயே தெரியும் வரிகள் (தாள் செய்யும்போது விழுந்தவை) நடுவில் துண்டுபட்டால், மேலே சொன்னது பொருந்தாது.