நானோ துகள் கட்டியைத் தேடிப் போகுமா?

கேள்வி: நானோ மருந்து புற்றுநோய்க் கட்டியைத் தானே தேடிப் போகும் என்கிறார்கள். உண்மையா, டாக்டர்?

பதில்: மிக நுண்ணிய துகளில் ஏற்றிய மருந்தைத்தான் நானோ மருந்து என்கிறோம். அது தேடிப் போவதில்லை. ரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகிறது. கட்டி அவசரமாக வளர்வதால் அதன் ரத்தக் குழாய்ச் சுவர்களில் ஓட்டைகள் இருக்கும். 100 நானோமீட்டர் அளவுள்ள துகள் அவற்றின் வழியே கசிந்து கட்டிக்குள் தங்கிவிடும். 1986-இல் ஜப்பானில் மட்சுமுரா, மயேடா என்ற ஆய்வாளர்கள் இதைச் சொன்னார்கள். எலிகளில் நன்றாக நடந்தது. மனிதர்களில் கட்டிக்குக் கட்டி மாறுகிறது. எலிகளிலேயே எவ்வளவு சேர்கிறது என்று 2016-இல் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். செலுத்தியதில் 0.7 சதவீதம் அளவுக்குத்தான் கட்டியைச் சேர்ந்திருந்தது. மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் வாரிக்கொள்கின்றன.

கேள்வி: புற்றுநோய்ச் செல்லைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் துகள் மேல் ஒட்டிவிட்டால்?

பதில்: கட்டிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு செல்லைப் பிடித்துக்கொள்ள உதவும். அதுவரை வழிகாட்டாது.

கேள்வி: இவ்வளவு குறைவாகப் போகிறதென்றால் எதற்கு இந்த மருந்து?

பதில்: போகக் கூடாத இடத்துக்குக் குறைவாகப் போகிறதே, அதற்காகத்தான்! டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தைப் பாதிக்கும். அதையே கொழுப்பு உறைக்குள் அடைத்த டாக்சில் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கு வரும் ஆபத்து அதில் குறைவு. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியலாம், தோல் உரியலாம். தயவுசெய்து பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். சிகிச்சை தரும் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், அடுத்த ஊசியைத் தள்ளிப்போடலாம்.

கேள்வி: அம்மாவுக்கு பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து போடுகிறார்கள். அதை அல்புமின் என்ற புரதத்தோடு சேர்த்த வகை வேறா?

பதில்: மருந்து ஒன்றுதான், சுமக்கும் பொருள் வேறு. பாக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது. பழைய வகையில் அதைக் கரைக்கச் சேர்ப்பது ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பான். பலருக்கு அலர்ஜி வருவதற்கு அது முக்கியக் காரணம். அதனால் முன்கூட்டியே ஸ்டீராய்டு தருவார்கள். 2005-இல் வந்த அல்புமின் வகையில் அந்தக் கரைப்பான் இல்லை. இரண்டுக்கும் டோஸ் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அப்படியே மாற்றிப் போடக் கூடாது.

கேள்வி: ஒரே துகள் ஸ்கேனில் கட்டியைக் காட்டி, சிகிச்சையும் செய்யுமா?

பதில்: எனக்கும் ஆசையான விஷயம் இது. இரும்பு ஆக்சைடு துகள் எம்ஆர்ஐ படத்தில் கருப்பாகத் தெரியும். மாறும் காந்தப்புலத்தில் வைத்தால் சூடாகும். ஐரோப்பாவில் மூளைக் கட்டிக்கு இப்படிச் சிகிச்சை தந்திருக்கிறார்கள். சிக்கல் அளவில்தான் இருக்கிறது. படத்துக்குக் கொஞ்சம் போதும். சூடாக்க நிறைய வேண்டும் என்பதால் கட்டிக்குள்ளேயே நேராகச் செலுத்துகிறார்கள். அப்புறம் அந்த இடத்தை எம்ஆர்ஐயில் பார்க்க முடியாது, இரும்பே படத்தை மறைத்துவிடும்.