வெறும் அசிஸ்டன்ட்

வணக்கம் ஐயா,

நான் ஒட்டுசுட்டான் பக்கம். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். இரண்டு சி, ஒரு எஸ். கம்பஸ் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கிற சித்தி, அங்கே கொலிஜில் இரண்டு வருடம் படித்து டிகிரி எடுத்தால் மெடிக்கல் அசிஸ்டன்ட் ஆகலாம், வா என்று சொல்கிறா. வவுனியாவிலும் ஒரு இடத்தில் அதே பெயரில் டிகிரி இருப்பதாக நோட்டீஸ் தந்தார்கள். ஆறு லட்சம் கேட்கிறார்கள். அப்பா மாடுகளை விற்கலாம் என்கிறார். அம்மம்மாவுக்குக் கால் வருத்தம், அவவை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. வெறும் அசிஸ்டன்ட் வேலைக்கு இவ்வளவு காசைக் கொட்டி ஒரு டிகிரி தேவையா? இல்லை, திரும்பவும் ஏ.எல் எடுக்கவா? ஊரை விட்டுப் போவது பிழையா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

– ர.

அன்புள்ள பிள்ளைக்கு,

உமது கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதாமல் இருந்தது சோம்பலால் இல்லை. அதிலே ஒரு சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் எங்கேயோ போய்விட்டேன். முதலில் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன்.

சித்தி சொல்வது பொய் இல்லை. ஆனால் அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டன்ட் ஆவதற்கு டிகிரி கட்டாயமும் இல்லை. ஒரு வருடம் அளவில் ஒரு சான்றிதழ் வகுப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு வருடம் கொலிஜில் இருந்தால் அசோசியேட் டிகிரி தருவார்கள். நான்கு வருடப் பட்டத்தில் பாதித் தூரம் என்று வைத்துக்கொள்ளும். பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்கு அரசாங்க உரிமம் கேட்பதில்லை. ஆனால் சி.எம்.ஏ என்று ஒரு சான்றிதழ்ப் பரீட்சை இருக்கிறது, வேலை கொடுக்கிறவர்கள் அதை விரும்பிக் கேட்பார்கள். அந்தப் பரீட்சைக்கு இருக்க, பொதுவாக அங்கே அங்கீகாரம் பெற்ற பாடநெறியை முடித்திருக்க வேண்டும். வேலை என்னவென்றால் பிரஷர் பார்ப்பது, நிறை பார்ப்பது, இரத்தம் எடுப்பது, ஈ.சி.ஜி பிடிப்பது, டொக்டர் சொன்ன ஊசியைப் போடுவது, அடுத்த முறைக்கு நாள் குறித்துக் கொடுப்பது, காப்புறுதிக் கடதாசி நிரப்புவது. சம்பளம் வருடத்துக்கு நாற்பதாயிரம் டொலரைக் கொஞ்சம் தாண்டும். இங்கே இருந்து பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். அங்கே வாடகை கட்டிவிட்டுப் பார்த்தால் வேறு மாதிரிச் சுற்றும்.

இன்னொன்று. ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் என்று ஒரு வேலையும் அங்கே இருக்கிறது. அது முதுகலைப் படிப்பு, மருந்து எழுதிக் கொடுக்கிற பொறுப்பு. இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம். சித்தி எதைச் சொல்கிறார் என்று தெளிவாகக் கேளும்.

வவுனியா நோட்டீஸ் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அனுமதி இல்லாமல் இந்த நாட்டில் ஒரு தனியார் இடம் தன் பெயரில் டிகிரி கொடுக்க முடியாது. அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லும். டிகிரி இல்லை, டிப்ளோமாதான் என்று குரலைத் தாழ்த்தினால், என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற்தகைமையில் எத்தனையாம் மட்டம், மூன்றாம் நிலை தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த இலக்கம் என்ன என்று கேளும். பதில் வரும்வரை மாடு பட்டியிலேயே நிற்கட்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மெடிக்கல் அசிஸ்டன்ட் என்ற பெயரில் இன்றைக்கு ஒரு பதவி இல்லை என்பதை அவர்கள் உமக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று பாடமும் பாஸ் என்றால் தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானியில் எப்போது அழைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு இரும். மூன்று வருடம், படிக்கும்போதே கொடுப்பனவும் தருவார்கள். ஏ.எல் திரும்ப எடுப்பதா? கம்பஸுக்கு மூன்று தடவை முயலலாம், மனம் இருந்தால் எழுதும். ஊரை விட்டுப் போவது பிழையா என்பதற்கெல்லாம் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். போக வேண்டியவர்கள் போனார்கள், இருக்க வேண்டியவர்கள் இருந்தோம், இரண்டு பக்கத்திலும் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

சரி. இப்போது அந்தச் சொல்.

‘வெறும் அசிஸ்டன்ட்.’ யார் உமக்கு இதைச் சொல்லித் தந்தது?

1996இல் கிளிநொச்சியை விட்டு நாங்கள் மல்லாவிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். பொருளாதாரத் தடைக் காலம். டோர்ச் பட்டரி கிடையாது, சவர்க்காரத்தைத் துண்டு போட்டுப் பாவித்தோம். ஒரு குளத்துக் கட்டுக்குக் கீழே கிடுகுக் கொட்டிலில் ஒரு மருந்தகம் நடந்தது. டொக்டர் கிழமைக்கு ஒரு தரம் சைக்கிளில் வருவார். மற்ற ஆறு நாளும் அங்கே இருந்தது ஓ.எல் வரை படித்த ஒரு அக்கா. ஊர் அவவை மருந்தக்கா என்றுதான் கூப்பிட்டது. எனக்குப் பத்தொன்பது வயது, கையெழுத்து நல்லது. அந்தத் தகுதியில் துண்டு எழுதச் சேர்த்துக்கொண்டா. ஆக நான் வெறும் அசிஸ்டன்டுக்கு அசிஸ்டன்ட்.

அது மலேரியாக் காலம். விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி எடுத்துப் பரப்பிக் காயவைக்க வேண்டும். மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியின் கீழே ஒரு சின்னக் கண்ணாடி, வெயிலை அதில் பிடித்து மேலே திருப்ப வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் யாருக்கு மலேரியா, யாருக்கு வெறும் காய்ச்சல் என்று அன்றைக்குத் தெரியாது. குளோரோகுவின் குளிசையின் கசப்பில் பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். துப்பினதைப் பார்த்துத் தாய்மார் அழுவார்கள், இன்னொன்று கேட்டால் இல்லை என்று தெரியும். 2016இல் இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தபோது பேப்பரில் பெரிய ஆட்களின் படம் வந்தது. அந்தக் கொட்டிலில் விரல் குத்தின கைகளை யாரும் படம் எடுத்திருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மலேரியாவைப் பற்றி இல்லை. மருந்தக்காவிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. நடுவில் கோடு கீறி, இடப்பக்கம் நோயாளி சொன்னதை அப்படியே எழுத வேண்டும், வலப்பக்கம் அக்கா நினைப்பது. இடப்பக்கம் என் வேலை. ‘நாரி உளையுது.’ ‘கால் விறைச்சுப்போய்க் கிடக்கு.’ ‘தலை அம்மலா இருக்கு.’ ‘வயித்தைப் பிரட்டுது.’ ‘ஒரே அந்தரமாக் கிடக்கு பிள்ளை.’ நான் ஒருநாள் கெட்டித்தனம் காட்டி, ஒரு கிழவி சொன்ன நாலு வசனத்தைச் சுருக்கி ‘உடல் வலி’ என்று எழுதினேன். அக்கா கொப்பியைப் பார்த்தா, பேனையைப் பிடுங்கினா. “மனிசி உளைவு எண்டவ, குத்து எண்டவ, விறைப்பு எண்டவ. மூண்டும் ஒண்டோ? நீ எழுத்தாளனாக வேணுமெண்டால் வீட்டில இருந்து எழுது. இங்க அவ சொன்னதை எழுது.”

அதைவிட நல்ல இலக்கிய விமர்சனம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அதிலும் ‘வாய்வு’ என்ற சொல்லுக்கு அக்காவிடம் தனிச் சட்டம் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு எல்லாமே வாய்வுதானே. வயிறு ஊதினாலும் வாய்வு, முதுகு பிடித்தாலும் வாய்வு, நெஞ்சு அடைத்தாலும் வாய்வு. யாராவது வாய்வு என்றால் அக்கா எழுத விடமாட்டா. “கையால காட்டுங்கோ” என்பா. ஒரு விரலால் ஒரு இடத்தைத் தொட்டால் கொஞ்சம் ஆறுதல். உள்ளங்கையை விரித்தோ, முட்டியாய்ப் பொத்தியோ நெஞ்சு நடுவில் வைத்தால் முகம் மாறிவிடும். வேர்த்ததா, தோள் உளையுதா, தாடை உளையுதா, நடக்கக் கூடுதா என்று அடுத்தடுத்துக் கேட்பா. கிழமை டொக்டர் சொல்லிக் கொடுத்ததாம். இதற்கு லெவின் குறி என்று ஒரு அமெரிக்க மருத்துவரின் பெயர் இருப்பதைப் பல வருடம் கழித்துத்தான் வாசித்தேன். எப்போதும் சரியாக இருக்கும் என்றில்லை. ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்க வைக்கும்.

அமெரிக்கா என்றதும் இன்னொருவரும் ஞாபகம் வருகிறார். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டொக்டர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தவர். முதலில் இங்கிலீசில்தான் படிப்பித்தார். படித்த பொடியன்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போய்விட்டார்கள். பிறகு தமிழிலேயே படிப்பிப்பது என்று திருப்பினார். பாடப்புத்தகம் இல்லை, சொல் இல்லை. உட்கார்ந்து மொழிபெயர்த்தார், ஆட்களை வைத்து மொழிபெயர்ப்பித்தார். ஊரிலேயே இருந்து ஊராருக்கு மருந்து கொடுக்கிறவர்கள் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 1873இல் அவர் திரும்பிப் போகும்போது அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பயிற்றி முடித்திருந்தார். அவர் உண்டாக்கின சொற்களில் பாதி இப்போது யாருக்கும் விளங்காது, அதை விடும். நோயாளியின் வாயிலிருந்து வருவது மருத்துவனின் காதுக்குப் போகும் வழியில் உடையக் கூடாது என்று நூற்றைம்பது வருடத்துக்கும் முன்னால் ஒரு வெள்ளைக்காரனுக்கு விளங்கியிருக்கிறது. நாங்கள் இன்னும் ‘இங்கிலீஷ் மீடியம் கோர்ஸ்’ என்று நோட்டீஸில் தடித்த எழுத்தில் போட்டால் மாட்டை விற்கப் புறப்படுகிறோம். இங்கிலீஷ் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் படியும். சிங்களமும் படியும். வன்னி ஆஸ்பத்திரிகளுக்கு நியமனமாகி வருகிற டொக்டர்மாரில் பலர் சிங்களப் பிள்ளைகள். அவர்களுக்கும் உம்முடைய அம்மம்மாவுக்கும் நடுவில் ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருவரைத்தான் நீர் ‘வெறும்’ என்கிறீர்.

நடுவில் நிற்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் நின்றிருக்கிறேன்.

2009, ஜூலை. முட்கம்பி முகாம். அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. முள்ளிவாய்க்காலைத் தாண்டி நடந்தே வந்தவர். இரண்டு நாளாய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு திரிந்தார். விடியக் காலமை வரிசையில் நின்று, பத்து மணி போல மருந்துக் கூடாரத்துக்குள் போனோம். டொக்டர் சின்னப் பொடியன், சிங்களம். நித்திரை இல்லாத கண். எங்களுக்குப் பின்னால் இருநூறு பேர் நின்றார்கள். அப்பா என்னிடம் சொன்னார்: “தம்பி, வாய்வு பிடிச்சுப்போட்டுது எண்டு சொல்லு. நெஞ்சுக்குள்ள கட்டையா நிக்குது. இந்தத் தோள்மூட்டுக்குப் போய் உளையுது.”

நான் டொக்டரிடம் சொன்னேன்: “சேர், காஸ் பெய்ன்.”

அப்பா மூன்று வசனம் சொன்னார், நான் இரண்டு சொல் சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் இங்கிலீஷ் வந்தது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். தோளுக்கு இங்கிலீசில் என்னவென்று எனக்குத் தெரியும். வரிசை, வெயில், பின்னால் நிற்கிறவர்கள், டொக்டரின் முகம் எல்லாம் சேர்ந்து சுருக்கிவிட்டேன், கிழவியின் நாலு வசனத்தைச் சுருக்கியது போல. சப்பித் தின்கிற வெள்ளைக் குளிசை தந்தார்கள். அடுத்த நாள் விடியப்பறம் அப்பா போய்விட்டார். மரண விசாரணைத் துண்டில் இருதயம் என்று எழுதியிருந்தது.

சரியாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூடாரத்தில் ஈ.சி.ஜி மெசினை நான் காணவில்லை, வவுனியாவுக்கு ஏற்றுவதற்கு அன்றைக்கு அம்புலன்ஸ் கிடைத்திருக்குமோ என்னவோ. அதெல்லாம் மற்றவர்கள் எனக்கு ஆறுதலுக்குச் சொல்வது. எனக்கு நிற்பது ஒரு படம்தான். அப்பா அந்த வாங்கில் இருந்தபோது உள்ளங்கையை விரித்து நெஞ்சு நடுவில் வைத்திருந்தார். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கொட்டிலில் எனக்குச் சொல்லித் தந்த அதே கை. பக்கத்தில்தான் இருந்தேன். பார்க்கவில்லை.

மருந்தக்கா எங்கே என்று தெரியாது. முகாமில் தேடினேன். கொப்பியையும்.

உமது கேள்வியை விட்டு எங்கேயோ வந்துவிட்டேன், மன்னியும். அமெரிக்காவுக்குப் போனாலும் சரி, கிளிநொச்சியில் கிளினிக் கொப்பி எழுதப் போனாலும் சரி, டிகிரி விஷயம் மேலே சொன்னதுதான். அந்த நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பும், நான் விசாரித்துப் பார்க்கிறேன்.

அப்புறம், உமது கடிதத்தில் அம்மம்மாவுக்குக் கால் வருத்தம் என்று எழுதியிருக்கிறீர். எந்தக் கால்? முழங்காலா, குதியா, கெண்டையா? உளைவா, எரிவா, விறைப்பா? விடிய எழும்பினவுடனா, கொஞ்சம் நடந்த பிறகா? ஒரு காலா, இரண்டுமா? புண் ஏதும் இருக்கிறதா, செருப்புக் கழன்று போனால் அவவுக்குத் தெரிகிறதா? சுகர் எப்போது பார்த்தது? அவவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, அவ சொல்வதை அவ சொன்ன மாதிரியே எழுதி அனுப்பும்.