எதிர் வண்டியின் இன்சூரன்ஸிலிருந்து என் கார் சேதத்துக்குப் பணம் வாங்க முடியுமா?

இந்தியாவில் முடியும். தப்பு அவர்மேல் இருந்தால் அவருடைய 'தேர்டு பார்ட்டி' காப்பீடு தர வேண்டும். பாலிசியில் வண்டிக்காரர் முதல் தரப்பு, கம்பெனி இரண்டாம் தரப்பு, இடிபட்ட நீங்கள் மூன்றாம் தரப்பு.

இடித்தவரிடம் காசில்லை என்பதற்காக இடிபட்டவர் நஷ்டப்படக் கூடாது. அதனால்தான் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்தக் காப்பீடு கட்டாயம். இன்சூரன்ஸ் கம்பெனி கிட்டத்தட்ட கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மாதிரி.

ஆனால் போன் செய்தால் செக் வந்துவிடாது. போலீஸ் புகார், போட்டோ, ஒர்க்‌ஷாப் பில்லோடு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். சட்டத்தில் 6 மாதக் கெடு. சின்னக் கீறலுக்கு இந்த அலைச்சல் வீண், சொந்த பாலிசியில் சேத கவர் இருந்தால் அதிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 'நானும் தேர்டு பார்ட்டி போட்டிருக்கிறேனே' என்பார்கள் சிலர். அது நீங்கள் இடித்தவருக்கு, உங்கள் பம்பருக்கு அல்ல.