8 லட்சத்துக்குள் பழைய ஸ்போர்ட்டி கார்: கேள்வி பதில்

அண்ணா, பட்ஜெட் 8 லட்சம். ஓட்டினால் மனம் நிறையவேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐயா, ஃபியட்டின் அபார்த் புன்டோவா?

தம்பி, 8 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒன்றரை லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். டயர், பிரேக், சஸ்பென்ஷன் என்று முதல் வருடத்திலேயே ஏதாவது வாய் திறக்கும். அபார்த்தில் 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், மேனுவல் கியர். ஓட்டுகிற சுகத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் ஃபியட் இங்கே விற்பனையை நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. அந்த இன்ஜினில் கைவைத்துப் பழகிய மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் போலோ.

போலோவின் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் செலவு வைக்கும் என்கிறார்களே?

பயம் நியாயமானது. 1.2 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) இன்ஜின் வண்டியில் இருப்பது 7 கியர் டிஎஸ்ஜி. அதன் கிளட்ச் எண்ணெயில் ஊறாத வகை, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். வாங்கும் முன் அரைமணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது உதறல் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒரு சரிவில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றுங்கள். இரண்டில் ஒன்றில் உதறினாலும் விட்டுவிடுங்கள். 2020-ல் வந்த 1.0 டிஎஸ்ஐயில் வழக்கமான 6 கியர் ஆட்டோமேட்டிக்தான். பட்ஜெட்டில் கிடைத்தால் அதுவே நிம்மதி.

சார், சென்னையில் வாங்கப்போகிறேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2015, 2023 வெள்ளங்களுக்குப் பிறகு இதைக் கேட்காமல் இங்கே கார் வாங்கக்கூடாது, அம்மா. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தைக் கழுவ யாருக்கும் தோன்றாது. நான் பார்த்த ஒரு வண்டியில் உள்ளே புது சீட் கவர், நல்ல வாசனை. பெல்ட்டை இழுத்தால் ஓரமெல்லாம் வண்டல் படிந்த கோடு! சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், இவற்றையும் பாருங்கள்.

டெல்லி வண்டி விலை குறைவாக இருக்கிறதே?

அங்கே ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கவேண்டும். இங்கே மறுபதிவு, வாழ்நாள் வரி. எல்லாவற்றையும் கூட்டிவிட்டு விலையை ஒப்பிடுங்கள். லோன் முடிந்த வண்டி என்றால் ஆர்.சி.யில் அடமானம் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம்.

ரீமேப் செய்த, அதாவது கூடுதல் சக்திக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிய வண்டி வாங்கலாமா?

வேண்டாம். எவ்வளவு அடித்து ஓட்டினார்கள் என்று எந்த சர்வீஸ் ரசீதும் சொல்லாது.

வண்டி பார்க்க எப்போது போவது நல்லது?

காலையில் போங்கள், ஸ்டார்ட் செய்து வைக்கவேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்தால்தான் குறை தெரியும். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.