குதிரைக் கொட்டகைக்கு ஹைப்போகுளோரஸ் அமிலம் வாங்கலாமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் தோட்டத்தில் இரண்டு மார்வாரிப் பெட்டைக் குதிரைகளும் ஒரு நாட்டு மட்டக்குதிரையும் இருக்கின்றன. வரும் ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் இன்னொன்று வாங்க எண்ணியிருக்கிறோம். கொட்டகைக்கு இதுவரை பினாயிலும் சுண்ணாம்பும்தான் பயன்படுத்தி வந்தோம். இப்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற திரவத்தைக் கேனில் விற்கிறார்கள். தரை, தண்ணீர்த்தொட்டி, காயம், குளம்பு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்கிறார்கள். இதை நம்பலாமா? உப்பும் தண்ணீரும் ஊற்றி நாமே தயாரிக்கும் கருவியை வாங்கலாமா? பிளீச்சிங் பவுடரில் வினிகர் ஊற்றினாலும் இதுவே கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார், அது சரியா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உயிராபத்து இருக்கிறது. பிளீச்சிங் பவுடரிலோ, திருப்பூர்ச் சலவைப் பட்டறைகளில் துணி வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலோ வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிவறை கழுவும் ஆசிட் போன்ற எதையும் ஊற்றாதீர்கள். அமிலம் சற்றுக் கூடினாலும் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில், 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் வீரர்களின் நுரையீரலை அழித்த வாயு அதுதான். காற்றோட்டம் குறைந்த கொட்டகையில் கட்டிப்போட்ட குதிரைக்கு விலகி ஓட வழி கிடையாது.

இனி அந்தத் திரவத்தைப் பற்றிப் பார்ப்போம். ஹைப்போகுளோரஸ் அமிலம் புதிதாகக் கண்டுபிடித்த அற்புதப் பொருள் அல்ல. நம் உடலிலும் குதிரையின் உடலிலும் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள், அவற்றைக் கொல்வதற்கு உள்ளுக்குள் தயாரிக்கும் பொருட்களில் இதுவும் ஒன்று. 1915-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பிளீச்சிங் பவுடரையும் போரிக் அமிலத்தையும் கலந்து உருவாக்கிய ‘யூசால்’ என்ற காயக் கழுவுநீரிலும் வேலை செய்தது இதே பொருள்தான். யூசாலின் செறிவு அதிகம் என்பதால் அது கிருமியோடு புதிதாக வளரும் சதையையும் சேர்த்து அரித்தது. இப்போது காயத்துக்கென விற்கப்படுபவை அதைவிடப் பல மடங்கு நீர்த்தவை, பெரும்பாலும் 100 முதல் 300 பி.பி.எம். வரை, அதாவது லிட்டருக்கு 100 முதல் 300 மில்லிகிராம் குளோரின் அளவில் இருப்பவை.

இதன் வலிமை பி.எச். அளவைப் பொறுத்து மாறும். நீரின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் எண் அது: 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். பி.எச். 5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்கும்போது கரைசலில் உள்ள குளோரினில் பெரும்பகுதி ஹைப்போகுளோரஸ் அமிலமாகவே நிற்கிறது. 7.5-ஐ எட்டும்போது அதில் பாதி, கொல்லும் திறன் மிகவும் குறைந்த ஹைப்போகுளோரைட்டாக மாறிவிடுகிறது, 8.5-இல் எஞ்சுவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கொங்கு நாட்டுக்காரர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் ஆழ்துளைக் கிணறுகளில் பெரும்பாலானவற்றின் நீர் கடினமானது, காரத்தன்மையும் உடையது. கேனில் வாங்கிய செறிவான திரவத்தை அந்த உப்புத் தண்ணீரில் கலந்தால், நீங்கள் கொடுத்த விலைக்கு உரிய பொருள் வாளியிலேயே வேறொன்றாகிவிடும். நீர்க்கச் செய்ய வேண்டுமென்றால் சிறுவாணித் தண்ணீர் போன்ற மென்னீரையோ, சுத்திகரித்த நீரையோ, ஓட்டில் பிடித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். அப்படியே தெளிக்கும் செறிவில் விற்பதை வாங்குவது இன்னும் நல்லது.

சுண்ணாம்பையும் இதையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் போடக்கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். சுண்ணாம்பு பி.எச். அளவை ஏற்றி, அமிலத்தை வலுவிழக்கச் செய்கிறது. அத்துடன், மூத்திரம் ஊறிய தரையில் தூவிய சுண்ணாம்பு அம்மோனியாவை வாயுவாக வெளியே தள்ளுகிறது. படுத்திருக்கும் குட்டியின் மூக்கு தரையோரம்தான் இருக்கும், எனவே அந்தக் காரநெடியை முதலில் வாங்குவது அதுவே. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பழைய வழக்கம் நல்லது, அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஈரத்தரையில் தூவுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

விற்பவர்கள் சொல்லாமல் விடும் இன்னொரு செய்தி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஹைப்போகுளோரஸ் அமிலம் கிருமி எது, லத்தி எது என்று பிரித்துப் பார்க்காது. எந்த உயிர்ப்பொருளைத் தொட்டாலும் அதனோடு வினைபுரிந்து தன்னையே செலவழித்துவிடும். லத்தி, மூத்திரம், எச்சில், சீழ், வைக்கோல் துணுக்கு ஆகிய எல்லாம் அதற்கு ஒன்றுதான். மூத்திரத்திலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் குளோரமின்கள் உண்டாகும். ஆகவே கூட்டாத கொட்டகையில் இதைத் தெளிப்பது பணத்தைத் தரையில் ஊற்றுவதுதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்க்கழிவைக் குதிரைக்குப் படுக்கையாக விரிப்பவர்கள், நாற்றம் வந்ததும் அதன்மேல் இதைத் தெளிக்கலாமா என்று கேட்கிறார்கள். தெளிப்பதால் பயன் இல்லை, நனைந்த படுக்கையை அள்ளி எருக்குழியில் போடுவதே வழி. மண்தரையும் அப்படியே. அங்கே நோய் வந்து போயிருந்தால், மேல்மண்ணை நாலு விரற்கடையாவது வெட்டி எடுத்துவிட்டுப் புதுமண் கொட்டி இறுக்குவதுதான் பலன் தரும்.

சிமெண்டுத் தரைக்கும் தொட்டிக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். குதிரைகளை வெளியே கட்டிவிட்டு, லத்தியையும் படுக்கையையும் அகற்றி, சோப்புநீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நீர் வடிந்த பின் 200 பி.பி.எம். கரைசலைத் தரை பளபளக்க நனையும்படி தெளித்துப் பத்து நிமிடமாவது ஈரமாகவே விட வேண்டும். வெயில் ஏறிய பின் தெளித்தால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், எனவே காலையில் செய்யுங்கள். தொட்டியையும் இதே முறையில் தேய்த்துக் கழுவிய பின் நனைத்து, நல்ல தண்ணீரால் அலசிவிட்டு நிரப்பலாம். கடிவாளம், லாடம், இரும்புச் சங்கிலி ஆகியவற்றில் பட்டால் துரு ஏறும், எனவே அவற்றை உடனே அலசித் துடைத்துவிடுங்கள். பினாயில் ஊற்றிய இடத்தில் அன்றே இதைத் தெளிக்காதீர்கள், இரண்டும் கலக்கவே கூடாது.

கொட்டகைத் தரைக்கு மட்டும் என்றால், விலை மலிவான சோடியம் ஹைப்போகுளோரைட்டே போதும் என்பது என் கருத்து. 5 விழுக்காட்டுத் திரவத்தில் 20 மில்லியை ஒரு லிட்டராகும்படி நீர்க்கச் செய்தால் 1000 பி.பி.எம். கிடைக்கும். தெளித்து, பத்து நிமிடம் விட்டு, கழுவி, நெடி போன பின் குதிரையைக் கட்டலாம். விலை கூடிய திரவத்தைத் தோலுக்கும் காயத்துக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது.

காயத்தை முதலில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்புக் கரைத்த நீரால் மண்ணும் சீழும் போகும்வரை கழுவுங்கள். அதன்பின், காயத்துக்கு என்று கேனில் ஒட்டிய சீட்டில் குறித்திருக்கும் ஹைப்போகுளோரஸ் திரவத்தைத் தாராளமாக விட்டுச் சில நிமிடம் ஊறவிடுங்கள். குதிரையின் முழங்காலுக்குக் கீழுள்ள காயங்களில் சதை மிஞ்சி வளர்ந்து ஆறாமல் நிற்பது வழக்கம். அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு, கெட்டியான அயோடின் போன்றவற்றை நாள்தோறும் ஊற்றுவது ஆறுவதைத் தாமதப்படுத்தும், இந்த மென்மையான திரவம் அப்படிச் செய்வதில்லை. வேப்பெண்ணெயோ மஞ்சளோ போட்ட காயத்தின் மேல் இதை விட்டால் திரவம் அவற்றிலேயே தீர்ந்துவிடும். ஈயை விரட்ட வேப்பெண்ணெய் வேண்டுமென்றால், திரவம் காய்ந்த பின் காயத்தைச் சுற்றித் தடவுங்கள். ஆனால் எதை ஊற்றினாலும் வில்வாத நோய்க்கான தடுப்பூசிக்கு அது ஈடாகாது. டெட்டனஸ் என்னும் அந்நோய்க்குக் குதிரையைப் போல எளிதில் பலியாகும் கால்நடை வேறில்லை. ஆணி குத்திய குளம்பு, மூட்டருகே ஆழமாகக் கிழிந்த காயம், கண்ணில் பட்ட அடி ஆகிய மூன்றிலும் கைவைத்தியமே கூடாது, அன்றே மருத்துவரை அழையுங்கள்.

மழைக்காலத்தில் முதுகிலும் பிட்டத்திலும் மயிர்க்கற்றையோடு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வரும் தோல்நோய்க்கும், வட்டவட்டமாக மயிர் உதிரும் படர்தாமரைக்கும் இது துணை செய்யும். பொருக்கை வெந்நீரில் ஊறவைத்து மெல்ல எடுத்து, கழுவித் துடைத்து, உலர்ந்த தோலில் தெளியுங்கள். தேய்க்கும் பிரஷையும் சேணத்தடித் துணியையும் துவைத்த பின் இதில் ஊறவையுங்கள், இல்லையென்றால் அடுத்த குதிரைக்கு நீங்களே நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்றிருக்கும் பகுதி அழுகி நாறினால், அழுக்கைக் குடைந்தெடுத்து, கழுவி உலர்த்தி, இத்திரவத்தில் நனைத்த பஞ்சைப் பள்ளத்தில் வையுங்கள். காலடிப் படுக்கை ஈரமாகவே கிடந்தால் எந்தத் திரவமும் அதை ஆற்றாது.

சந்தையிலிருந்து வரும் குதிரையை மூன்று வாரமாவது தனியிடத்தில், தனி வாளி, தனி பிரஷ் வைத்துக் கட்டுங்கள். காலையும் மாலையும் உடல்வெப்பம் பாருங்கள், 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் கவனம் தேவை. மூக்கில் சளியும் தாடைக்கடியில் கட்டியும் வரும் ‘ஸ்ட்ராங்கிள்ஸ்’ நோயின் கிருமி வெயில் பட்டுக் காய்ந்த இடத்தில் சில நாளில் செத்துவிடும், தண்ணீர்த் தொட்டியிலோ வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே உங்கள் திரவத்தில் பெரும்பங்கைத் தொட்டிகளுக்கும் வாளிகளுக்கும் செலவிடுங்கள். மூக்கில் புண்ணும், காலிலோ உடலிலோ வரிசையாக உடையும் கட்டிகளும் தென்பட்டால் அது ‘கிளாண்டர்ஸ்’ ஆக இருக்கலாம். அந்நோய் மனிதருக்கும் தொற்றும், 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயும் ஆகும். அங்கே கழுவித் துடைக்க முனையாமல், யாரையும் அருகே விடாமல், உடனே அரசுக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, நான்கு குதிரைக்கு அது தேவையில்லை என்பேன். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி இதைத் தயாரிக்கும் கருவிகளின் மின்முனைகளில் நம் கடினநீர் சுண்ணாம்புப் படிவை ஏற்றிவிடும். இரு மின்முனைகளையும் பிரிக்கும் தடுப்புச் சவ்வு இல்லாத எளிய கருவிகள் தருவது பெரும்பாலும் காரத்தன்மையுள்ள ஹைப்போகுளோரைட் கரைசலே. இருபது, முப்பது குதிரை நிற்கும் பயிற்சிப் பள்ளிக்கு, மென்னீர் வசதியும் பி.எச். பார்க்கும் பழக்கமும் இருந்தால் அது கட்டுப்படியாகும். நீங்கள் சிறிய கேன்களாக, தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சமும் சூடும் இதைச் சிதைத்துவிடும், எனவே ஒளிபுகாத கேனில், இறுக மூடி, பங்குனி சித்திரை வெயிலில் தகரக்கூரையின் கீழ் வைக்காமல் வீட்டுக்குள் குளிர்ந்த அறையில் வையுங்கள். திறந்த கேனை வாரம் ஒருமுறை குளோரின் சோதனைத் தாளால் பாருங்கள். நீச்சல் குளத்துக்கான தாள் 10 பி.பி.எம். வரையே காட்டும் என்பதால் அது இங்கே உதவாது, 200-க்கு மேல் காட்டும் தாளைக் கேட்டு வாங்குங்கள். சீட்டில் போட்ட அளவில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் காயத்துக்குப் பயன்படுத்தாமல் கழுவிய தரையில் ஊற்றித் தீர்த்துவிட்டு, அடுத்த கேனைத் திறங்கள்.