கோடை மழைக்காலத்தில் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறலாமா?

வெயிலும் இடிமழையும் மாறி மாறி வரும் மே மாதத்தில், பிள்ளைகளுடன் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஏறலாம், ஆனால் காலை 10 மணிக்குள் துறைக்கு வந்துவிடுங்கள். எங்கள் பகுதியில் கோடை மழை பெரும்பாலும் பகல் வெப்பம் ஏறிய பிறகு, மாலையை ஒட்டித்தான் இடியுடன் இறங்கும்.

பென்னாகரத்தில் வளர்ந்த நானே ஒருமுறை இதைப் பொருட்படுத்தாமல், தங்கையையும் அவளுடைய எட்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு பிற்பகல் 3 மணிக்குப் பரிசல் ஏறினேன். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தது. அஞ்செட்டி மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. இருபுறமும் பாறைச் சுவர்கள் உயர்ந்து நிற்கும் இடத்தை அடைந்தபோது காற்று எழுந்தது. மூங்கிலால் முடைந்து, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் போர்த்தப்படுகிற பரிசலுக்குப் படகைப்போல் கூர்முனையும் இல்லை, நீரைப் பிடித்து நிற்கும் அடிக்கட்டையும் இல்லை. ஆழம் குறைந்த பாறை இடுக்குகளில் வழுக்கிச் செல்ல உதவும் அதே தட்டையான அடிதான் காற்றில் அதைச் சுழலவும் வைக்கிறது. மருமகன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "மேல மழை புடிச்சிருச்சு, திரும்பிடலாங்க" என்ற பரிசல்காரர் மறுபேச்சுக்கு இடம் தரவில்லை. முதல் இடி கேட்டபோது நாங்கள் கரையில் இருந்தோம். திறந்த நீர்ப்பரப்பில் மின்னலுக்கு உயரமாகத் தெரிபவர்கள் பரிசலில் இருப்பவர்களே என்பதால், அவர் திரும்பச் சொன்னால் தயவுசெய்து கட்டணத்தை எண்ணி வாதாடாதீர்கள். உயிர்காப்பு உடையின் வார்களைப் பிள்ளைகளுக்கு நீங்களே இழுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒகேனக்கல்லில் ஒரு துளிகூட விழாமல் ஆறு பெருகலாம். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ராசிமணல் பகுதிகளிலும் கர்நாடக எல்லைக் காடுகளிலும் பெய்யும் மழை, சிற்றோடைகள் வழியாகக் காவிரியில் சேர்ந்து நம்மிடம் வருகிறது. மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீரை அளக்கிறது. விநாடிக்கு எத்தனை கன அடி என்ற அந்தக் கணக்கு நாளிதழ்களிலும் வரும். வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிக்கும் என்பதால், புறப்படும் காலையிலேயே விசாரித்துவிடுங்கள். நாங்கள் விட்ட பயணத்தை முடிக்க மறுநாள் விடியலில் சென்றோம். வானம் தெளிந்திருந்தது, ஆறோ செம்மண் நிறத்தில் நுரைத்து ஓட, பரிசல்கள் அனைத்தும் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.