சீமெந்துக்கு மரக்கலர்

கேள்வி: ஆசிரியர் ஐயா, வீட்டுக்கு மூண்டடி மீன்தொட்டி ஒண்டு வாங்கியிருக்கிறன். மனிசி சொல்லுறா கல்லும் கட்டையும் செடியும் வச்சு இயற்கையாச் செய்வம் எண்டு. மகனுக்கு ஒன்பது வயசு, அவனுக்கு உடைஞ்ச கப்பலும் வாயைத் திறந்து திறந்து குமிழி விடுற புதையல் பெட்டியும் வேணுமாம். வீடு ரண்டுபட்டுக் கிடக்கு. எது வடிவு? (வாசகர் ஒருவர், கிளிநொச்சி)

பதில்: தம்பி, இவ்வளவு எழுதின நீர் என்ன மீன் விடப்போறீர் எண்டு ஒரு சொல்லு எழுதேல்லை. சரி அதை விடுவம், என்னைப் பிடிச்சு நிப்பாட்டினது அந்த 'இயற்கையா' தான்.

கிளிநொச்சியில இருந்துகொண்டு அந்தச் சொல்லைப் பாவிக்கேக்க கொஞ்சம் யோசிக்கோணும். பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில போய் நிண்டு, என்ன இயற்கைக் காட்சி எண்டு படம் எடுத்துப் போடுறம், அந்தக் காட்சி கனகராயன் ஆத்தை மறிச்சு வெள்ளைக்காரன் காலத்தில ஆக்கள் மண் போட்டுக் கட்டினது. எங்கட நாட்டு இங்கிலிசில குளமும் டாங்க், மீன்தொட்டியும் டாங்க், யோசிச்சுப் பாத்தால் சரியாத்தான் இருக்கு. அந்தக் குளத்துக்குள்ள ஓடுற, நாங்கள் யப்பான் மீன் எண்டு சொல்லுற மீனாவது எங்கட மீனோ எண்டால் அதுவும் இல்லை, யப்பானும் இல்லை, 1952இல இஞ்ச கொண்டந்து விட்ட ஆபிரிக்காத் திலாப்பியா. பொரிச்சால் நல்லாத்தான் இருக்கு, அது வேற கதை.

உண்மையா யப்பானில இருந்து வந்தது உம்மட மனிசியின்ர ஆசைதான். தகாஷி அமானோ எண்டு ஒருத்தர், முதல் சைக்கிள் ரேஸ் ஓடினவர், பேந்து காடு காடாப் போய்ப் படம் பிடிச்சவர், 1982இல கொம்பனி தொடங்கி 'நேச்சர் அக்குவாரியம்' எண்ட பாணியை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர், 2015இல செத்துப்போனார். கல்லை ஒற்றைப்படையிலதான் வைக்கோணுமாம், நாங்கள் கலியாண வீட்டில 1001 ரூபா வைக்கிற மாதிரி. பாத்தால் மலையடிவாரம் கண்ணாடிக்குள்ள வந்து இருந்த மாதிரித்தான் இருக்கும், நானும் வாயைப் பிளந்து பாத்தனான். ஆனா பக்கத்தில போய்ப் பாரும், செடிக்குக் கரியமிலவாயு விடுற சிலிண்டர் ஒண்டு, நேரம் வச்சு எரியிற லைற் ஒண்டு, வளைஞ்ச கத்தரிக்கோல் ரண்டு மூண்டு. அந்தப் புல்வெளி சலூனில வெட்டின தலைதான். 1930களில ஒல்லாந்தில தொடங்கின பாணியில இந்த நடிப்பு இல்லை, கல்லும் கட்டையும் பெரிசா வைக்காமல் செடியைப் படிப்படியாப் பாத்தி கட்டி வளப்பினம், தோட்டம் எண்டே சொல்லுவினம். எனக்கு ஒல்லாந்தரோட மன்னார்க் கோட்டையில இருந்து பழைய கணக்குக் கனக்க இருக்கு, எண்டாலும் இதில நேர்மையான ஆக்கள்.

முழுக்க முழுக்க இயற்கை வேணுமெண்டால் என்ர அக்கான்ர மகன்ர தொட்டியைக் கேளும். கடைச் சாமான் ஒண்டும் வேண்டாம் எண்டு நிண்டவன். வயல் வரம்பில கிடந்த பாலைமர வேர் ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவிக்காமல் ஊறப்போடாமல் அப்பிடியே தொட்டிக்குள்ள இறக்கினான், விடிய எழும்பின அம்மம்மா 'ஆரடா இதுக்குள்ள தேத்தண்ணிச் சாயம் ஊத்தினது' எண்டு கேட்டவ. கட்டையில இருந்து இறங்கிற கறை, மீனுக்கு ஒண்டும் செய்யாது எண்டு பெடியன் விளக்கம் சொல்ல, அப்ப சீனி போடேல்லையோ எண்டு அம்மம்மா திருப்பிக் கேட்டவ. பேந்து குளத்தில வடிச்சுப் பிடிச்ச கெண்டைக்குஞ்சு 23 விட்டான், அதோட வடிவா இருக்கெண்டு விரல் நீளத்தில விரால் குஞ்சு ஒண்டு. அடுத்த கிழமை எண்ணினால் 15. பேந்து 9. ஒளிச்சிருக்குதுகள், கட்டைக்குப் பின்னால நிக்கும் எண்டு டோர்ச் அடிச்சு அடிச்சுப் பாத்தான். கடைசியா ஒண்டே ஒண்டு, வயிறு ஊதி, நடுத்தொட்டியில விதானையார் மாதிரி நிண்டது. அதுவும் ஒரு இரவு பாய்ஞ்சு வெளிய விழுந்துபோச்சு, விரால் எண்டால் பாயும், மூடி போடோணும், மூடி செயற்கை எண்டு இவன் போடேல்லை. விடியப் பூனை மீசையை நக்கிக்கொண்டிருந்தது. அதுவும் இயற்கைதானே.

சரி, என்ர பழைய சண்டைக்கு வாறன். பூங்காவிலயும் ஹோட்டல் வாசலிலயும் சீமெந்தில இருக்கை கட்டி, முள்ளுக்கரண்டியால கீறி மரப்பட்டை மாதிரி ஆக்கி, மண்ணிறப் பெயின்ற் அடிச்சு, வெட்டு முகத்தில வளையம் வளையமாக் கீறியும் வைக்கிறாங்கள் பாரும், முதிரையும் பாலையும் நிக்கிற வன்னியில! மூண்டு தரம் எழுதிப்போட்டன். வவுனியாவில இருந்து ஒரு வாசகர் 'மரத்துக்குக் கறையான் வரும், சீமெந்துக்கு வராது, ஆசிரியருக்குத்தான் வந்திருக்கு' எண்டு கடிதம் போட்டவர். ஐயா, சீமெந்தில இருக்க எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, சீமெந்தைச் சீமெந்தா விடுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

அதாலதான் தம்பி, நான் உம்மட மகன்ர பக்கம். கப்பல் விளையாட்டுச் சாமான் எண்டு அவனுக்கும் தெரியும், கப்பலுக்கும் தெரியும், நிழலுக்கு உள்ள போய் நிண்டால் காணும் எண்டு மீனுக்கும் தெரியும். எனக்கு ஆகாதது பிளாஸ்ரிக் செடி. கிரிப்டோகொரைன் எண்ட தண்ணிச் செடியில சில இனம் எங்கட தீவின்ர சொந்தச் செடி, எங்கட காய்ஞ்ச பக்கத்தில இல்லை, தெற்கில மழை பெய்யிற பக்கத்து ஓடைகளில நிக்கிறது, வெளிநாட்டில தொட்டி வைக்கிறவை அதைத் தேடி வாங்கினம், நாங்கள் அதுமாதிரிச் செய்த பிளாஸ்ரிக்கை வாங்கி வைக்கிறம். மனிசியிட்டச் சொல்லும், அதில நாலு மூடு நடட்டும், சிலிண்டர் தேவையில்லை, பெரிய லைற்றும் தேவையில்லை. நட்ட புதுசில இலை கரைஞ்சு விழும், பயந்து பிடுங்காதையும், வேர் இருந்தால் பேந்து துளிர்க்கும். புதையல் பெட்டி விடுற குமிழி கரியமிலவாயுவைக் கலைச்சுப்போடும் எண்டு அமானோ பாணிக்காரர் கத்துவினம், சிலிண்டர் இல்லாத வீட்டில கலைக்க என்ன கிடக்கு? குமிழி மேல்தண்ணியைக் குழப்புறதால மீனுக்கு மூச்சுக்கு நல்லது.

இன்னொண்டு. தண்ணி நிரப்பின அண்டைக்கே மீனைக் கொட்டாதையும், கழிவைத் தின்னுற நுண்ணுயிர் பிடிக்க ஒரு மாசம் கிட்டப் போகும். பேந்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை முழுத்தண்ணியையும் ஊத்தி, கல்லையும் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுக் கழுவுற எங்கட வீட்டு வழக்கத்தை மட்டும் விட்டிடும், அதோட அந்த நுண்ணுயிரும் போயிடும். கால்வாசித் தண்ணி மாத்தினால் காணும்.

அடுத்த முறை எழுதேக்க என்ன மீன் எண்டு எழுதும். விரால் எண்டால் எழுத வேண்டாம்.